லினக்ஸ் வழங்கல்களைப் பராமரிப்போருக்கு: அந்த ஒரு வரியை மறைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப்பின் அமைப்புக் கோப்பில், தொடக்கச் செய்திகளை அடக்கும் 'க்வயட்', அவற்றின் மேல் படம் போடும் 'ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களையும் ஏன் வைத்தீர்கள் என்பது தெரிந்ததே. லினக்ஸின் மையமான கர்னல் கக்கும் நூற்றுக்கணக்கான வரிகளைப் பார்த்தால் புதியவர்கள் மிரளத்தான் செய்வார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் அந்த வரிகள் யாருக்கும் வேண்டியதில்லை. ஒழுங்காக நடக்காத நாளைப் பற்றித்தான் இந்த மடல்.

பழைய டிஸ்க் ஒன்றைக் கழற்றியவர், தொடக்கத்தில் இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்குரிய வரியை நீக்க மறந்துவிட்டார் என்று வையுங்கள். அந்த வரியில், டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போ என்று சொல்லும் 'நோஃபெயில்' இல்லை. டிஸ்க் வந்துவிடுமென்று, தொடக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருக்கிறது. எந்த டிஸ்க்குக்காக, எத்தனை நொடி கழிந்தது, எதுவரை காத்திருக்கும் என்பதையெல்லாம் அதுவே எழுதிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் அந்த வரி, தொடக்கப் படத்தைக் காட்டும் பிளைமவுத்தின் படத்துக்குப் பின்னால் கிடக்கிறது. பயனர் காண்பது சுழலும் வட்டமும் மடிக்கணினிக் கம்பெனியின் சின்னமும். (காசு கொடுத்து வாங்கியவருக்குக் கம்பெனி பெயர் தெரியாதா?) முக்கால் நிமிடம் பொறுத்துவிட்டுப் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறார். மறுபடியும் அதே வட்டம். முழுதும் பொறுத்தவருக்குக் கிடைப்பது எமர்ஜென்சி மோட், அதாவது பழுது பார்க்க மட்டுமான கட்டளைத் திரை. நிர்வாகிக்கான ரூட் கணக்கு பூட்டியிருந்தால் சில வழங்கல்களில் அங்கேயும் உள்ளே விடமாட்டார்கள்.

படத்தை விலக்கி வரிகளைக் காட்ட எஸ்கேப் விசை இருக்கிறதே என்பீர்கள். அதைத் திரையில் எங்கே சொல்லியிருக்கிறீர்கள்? சற்று முன்னதாக இரண்டு மூன்று தடவை தட்டினால் கிரப் கட்டளை வரியில் கொண்டுபோய் நிறுத்துகிற வழங்கல்களும் உண்டு. பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையைப் போட்டுப் பார்க்கலாம் என்பது அடுத்த பதில். கணினியே தொடங்காதவர் அதை எங்கே போடுவார்?

கேட்பது இவ்வளவுதான்: ஏதாவது ஒரு வேலை ஐந்து நொடிக்கு மேல் இழுத்தால், வட்டத்துக்குக் கீழே ஒரு வரி. எதற்காகக் காத்திருக்கிறது, இன்னும் எத்தனை நொடி. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். 'ஸ்பிளாஷ்' என்பதை மட்டும் எடுத்து, 'க்வயட்' இருக்கட்டும் என்று விட்டு, மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டினால் சிஸ்டம்டி ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது: தாமதமோ தோல்வியோ வரும்வரை வாய் திறக்காது, வந்ததும் நிலவரம் சொல்லும். பிளைமவுத்துக்கும் படத்தின் மேலேயே செய்தி காட்டத் தெரியும். இரண்டையும் இணைக்கத்தான் உங்களுக்கு மனமில்லை.

இப்போதெல்லாம் எந்த மென்பொருளும் என்ன கோளாறு என்று சொல்வதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறது. 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்று ஒரு திரை, விண்டோஸில் வெகுகாலம் சோக முகம் போட்டு வந்த ஒரு நீலத்திரை. வருத்தப்படத் தெரிகிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை. அதை விடுங்கள்.

அடுத்த வெளியீட்டிலாவது, தாமதமானால் அந்த ஒரு வரி தெரியும்படி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, 'வெகுநேரம் சுழன்றால் எஸ்கேப் அழுத்தவும்' என்று நிறுவியின் கடைசித் திரையிலாவது போட்டுவையுங்கள்.

நன்றியுடன்,
வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பயனர்கள்