ஈஸ்ட் பாக்டீரியா இல்லை, நமக்குப் பங்காளி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேவகோட்டையில் 26 வருஷமாக பேக்கரி வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறிவியல் பக்கத்தில் 'ஈஸ்ட் என்னும் பாக்டீரியா' என்று போட்டிருந்தீர்கள். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மனிதனுக்கு வரும் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறவர்கள் ரொட்டி மாவில் போடுகிற ஈஸ்ட்டை ஏன் நோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கிண்டல் வேறு. மறுநாள் காலையில் வழக்கமாகப் பன் வாங்கும் ஓர் அம்மா, 'பாக்டீரியா போட்டதைப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன்' என்று திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் தினமும் இட்லிதான், இட்லி மாவைப் புளிக்க வைப்பதில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்குத்தான் என்பதை நான் சொல்லவில்லை. அப்புறம் இட்லியும் நின்றுவிடும்.

ஈஸ்ட் ஒரு பூஞ்சை. பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது, ஈஸ்ட்டுக்கு உண்டு, நம் உடம்பிலுள்ள செல்லைப் போலவே. கள் ஊற்றிச் சுட்ட ஆப்பம் ஓட்டை ஓட்டையாக வருவது இதன் வேலைதான். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் உங்கள் கிண்டலுக்கு இடமே இல்லை.

என் மகள் வெளியூரில் ஆராய்ச்சி மாணவி. மனிதப் புரதங்களை ஈஸ்ட்டுக்குள் வைத்து அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை. 'அப்பச்சி, நமக்கு ஒரே தொழில்தான், நீங்க ஈஸ்ட்டை அடுப்பில வச்சுக் கொல்றீங்க, நான் அது சாகாமப் பார்த்துக்கறேன்' என்பாள். உங்கள் பக்கத்தைப் போனில் வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு அரைமணி நேரம் பேசினாள், அதில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

ஒரு செல் இரண்டாகப் பிளப்பது எப்போது, அதற்கு உத்தரவு கொடுப்பது எது என்பதுதான் புற்றுநோயின் அடிப்படைக் கேள்வி. அமெரிக்காவில் லீலண்ட் ஹார்ட்வெல் இதைத் தேடியது நான் மாவில் போடுகிற அதே ரக ஈஸ்ட்டில். பிரிட்டனில் பால் நர்ஸ் எடுத்துக்கொண்டது இன்னொரு ரகம், என் ஈஸ்ட்டைப் போல மொட்டு விட்டுப் பெருகாமல் நடுவில் இரண்டாகப் பிளப்பது. அதில் சிடிசி2 என்று ஒரு மரபணு. அது பழுதான ஈஸ்ட் 25 டிகிரியில் ஒழுங்காகப் பெருகும், 36 டிகிரிக்கு ஏற்றினால் பிளக்கத் தெரியாமல் நீளமாக வளர்ந்துகொண்டே போகும். (சித்திரை மாசத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி மாவு பிசைகிற எனக்கு, ஈஸ்ட்டுக்குச் சூடு என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.) 1987-இல் நர்ஸின் ஆய்வகத்தில் மெலனி லீ என்ற பெண்மணி இந்தப் பழுதான ஈஸ்ட்டுக்குள் மனித மரபணுக்களைக் கலந்து விட்டு, எதாவது ஒன்று அதைப் பிழைக்க வைக்கிறதா என்று பார்த்தார். ஒன்று பிழைக்க வைத்தது! மனிதனின் மரபணு போய் உட்கார்ந்ததும் ஈஸ்ட் பழையபடி பிளக்க ஆரம்பித்துவிட்டது.

ஈஸ்ட்டும் நாமும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து சுமார் 100 கோடி வருஷம் ஆகிறதாம். எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால், வேறு வைத்து, அதாவது தனிக்குடித்தனம் போய், 100 கோடி வருஷம் ஆன பங்காளி, ஆனால் அவர் வீட்டுப் பெட்டகத்துக்கு நம் சாவி இன்றைக்கும் சேருகிறது. ஹார்ட்வெல், நர்ஸ், இதே கேள்வியை ஆராய்ந்த டிம் ஹன்ட் மூவருக்கும் 2001-இல் நோபல் கிடைத்தது. அந்த சிடிசி2 மரபணு உண்டாக்கும் புரதத்தின் உறவுக்காரப் புரதங்கள் இரண்டை அடக்குகிற பால்போசிக்ளிப் என்ற மாத்திரை 2015-இலிருந்து மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேயே இருக்கிறது.

அதே 2015-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ஈஸ்ட் உயிர் வாழக் கட்டாயம் வேண்டிய 400-க்கு மேற்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்தந்த இடத்தில் மனித மரபணுவை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட பாதிக்கு ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது. பாதிக்கு இல்லை, அதையும் சொல்ல வேண்டும், ஈஸ்ட்டில் நடப்பதெல்லாம் அப்படியே மனிதனில் நடக்கும் என்று என் மகளே ஒத்துக்கொள்ள மாட்டாள். அதனால்தான் ஈஸ்ட்டில் கண்டதை மறுபடி மனித செல்லில் வைத்துச் சரிபார்க்கிறார்கள், அதற்கு மாசக்கணக்கில் ஆகிறதாம். ஈஸ்ட் என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஒன்று இரண்டாகிவிடும், செலவும் கம்மி, முதலில் அங்கே தேடுகிறார்கள். இதில் கிண்டலுக்கு என்ன இருக்கிறது?

தவறு எல்லாருக்கும் வருவதுதான், நானும் உப்புப் போட மறந்து ஒரு நாள் ரொட்டி பூராவும் கொட்டியிருக்கிறேன். திருத்தம் போடுங்கள். நாலாம் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம், அதே அறிவியல் பக்கத்தில், படிக்கிற அளவு எழுத்தில். வெட்டி கடைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், அந்த அம்மா காலையில் அந்த வழியாகத்தான் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பேக்கரிக்காரர்,
தேவகோட்டை.