கிளியல் செல்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பின் மருத்துவப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். கை கால் மரத்துப்போவது, நடுக்கம், நடக்க முடியாமல் போவது என்று எதைப் பற்றி எழுதினாலும் நரம்பு செல்களோடு நிறுத்திவிடுகிறீர்கள். மூளையில் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் இருந்து, நரம்பு செல்களுக்குத் துணை செய்யும் கிளியல் செல்களுக்கு (கிளியா) ஒரு வரிகூட இல்லை. நாம் நடப்பதிலும் ஓடுவதிலும் அவற்றுக்கும் பெரிய பங்கு உண்டு, அது தெரியாமல் நம் வீடுகளில் தப்பான முடிவு எடுக்கிறார்கள்.

பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு அண்ணன், பிறை தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். போன வருடம் வயிற்றுப்போக்கு வந்து சரியான கொஞ்ச நாளில் பாதத்தில் ஊசி குத்துவதுபோல ஆரம்பித்து, அப்புறம் முழங்கால் பலமிழந்து, கடைசியில் கையில் கோப்பைகூடப் பிடிக்க முடியவில்லை. கில்லன்-பாரே என்றார் டாக்டர். நரம்பைச் சுற்றி ஷ்வான் செல்கள் போட்டிருக்கும் மயலின் உறையை, பெரும்பாலும் ஏதோ ஒரு கிருமித் தொற்றுக்குப் பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிற நோய் அது. இந்த ஷ்வான் செல்லும் கிளியல் வகைதான். தடித்த உறையுள்ள நரம்பில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில்கூடப் பாயும், உறையே இல்லாத மெல்லிய நரம்பில் 2 மீட்டரைத் தாண்டுவதே கஷ்டம். உறை பிய்ந்த இடத்தில் செய்தி தாமதமாகும், இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். தசை நன்றாக இருந்தும் கால் அசையாது.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வெகுநாள் கட்டைவிரல் மட்டும்தான் லேசாக அசைந்தது. "இதுக்கா இவ்வளவு காசு?" என்று சொந்தக்காரர்கள் பிசியோதெரபியை நிறுத்தச் சொல்லி, எண்ணெய் போட்டு உருவிவிட ஆளே கூட்டி வந்துவிட்டார்கள். உள்ளே ஷ்வான் செல்கள் உறையைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அதற்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். நரம்பிழையே சேதமாகியிருந்தால் அது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும், முழங்காலிலிருந்து பாதம்வரை எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவரை தசை கரையாமலும் மூட்டு இறுகாமலும் காப்பதுதான் பிசியோதெரபியின் வேலை. அண்ணி யார் பேச்சையும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போனார், இப்போது அண்ணன் தடியில்லாமல் நடக்கிறார்.

மூளைக்குள் இந்த உறை வேலையைச் செய்வது ஆலிகோடெண்ட்ரோசைட் என்ற இன்னொரு கிளியல் வகை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2014இல், இந்தச் செல்கள் புதிதாக உருவாகாதபடி தடுத்த எலிகளை, கம்பிகள் ஒழுங்கில்லாத இடைவெளியில் அமைந்த சக்கரத்தில் ஓடவிட்டார்கள். அவற்றால் சரியாகக் கற்றுக்கொள்ள முடியவில்லை. தடுப்பதற்கு முன்பே பழகியிருந்த எலிகளோ வழக்கம்போல ஓடின. சிலம்பமோ பரதமோ கற்கும் நம் பிள்ளைகளின் மூளையிலும் இப்படித்தான் நடக்கிறதா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

எனக்கு மிகவும் பிடித்தது 2019இல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வகத்தில் வந்த மீன் ஆய்வு. வரிக்குதிரை மீன் குஞ்சு நீந்தப் பார்க்கிறது, ஆனால் சுற்றியிருக்கும் காட்சி நகரவே நகராதபடி செய்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முயற்சியும் வீணாகும்போது கிளியல் செல்களில் கால்சியம் ஏறிக்கொண்டே போய், ஓர் அளவுக்கு மேல் மீன் நீந்துவதையே விட்டுவிடுகிறது. அந்தச் செல்களை முடக்கினால் மீன் விடாமல் முயல்கிறது! போதும் நிறுத்து என்று சொல்வதிலும் கிளியாவுக்குப் பங்கு இருக்கிறது, பாருங்கள்.

எல்லாக் கை கால் பிரச்சினைக்கும் கிளியாதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஸ்ட்ரோக்கின் கதை வேறு. ஆனால் கில்லன்-பாரேயோ, மூளையிலும் முதுகுத்தண்டிலும் இதே உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸோ வந்த குடும்பங்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் பேசும் நரம்பியல் மருத்துவர் ஒருவரையும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரையும் பேட்டி கண்டு, தேறி வர எவ்வளவு காலம் ஆகும், அதுவரை வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று ஒரு முழுப் பக்கம் போடுங்கள். எங்கள் அடுக்குமாடி அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு