பெயர் கேட்க மறந்த டாக்டருக்கு

அம்மாவின் இடது மேலிமை வெளி ஓரத்தில் வீங்கி, கண் லேசாக முன்தள்ளியிருந்தது. வலியே இல்லை. ஸ்கேனில் கண்ணீர்ச் சுரப்பியில் கட்டி. 'லிம்ஃபோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம்' என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்னோர் இடத்தில் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஃபைலைப் புரட்டிய நீங்கள்தான் தடுத்தீர்கள். "இப்போ போட்டா எதுவா இருந்தாலும் வத்திடும். லிம்ஃபோமாகூட கொஞ்ச நாள் சுருங்கும். அப்புறம் பயாப்சில குழப்பம்தான். முதல்ல சதை எடுத்துப் பார்க்கட்டும்." மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கண் வரைந்து, சுரப்பி இருக்குமிடத்தை வட்டமிட்டுக் காட்டினீர்கள். படம் சுமார்தான், எனக்குப் புரிந்தது.

லேபுக்கு நீங்களே போன் செய்து, ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதத்துக்கான சோதனையும் சேர்க்கச் சொன்னீர்கள். எடுத்த சதையில், நார்த்திசுவுக்கு நடுவே கூட்டங்கூட்டமாக அந்தப் புரதத்தைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள். புற்றுநோய் இல்லை, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே உறுப்புகளை வீங்கவைக்கும் ஐஜிஜி4 நோய். கணையம், சிறுநீரகத்திலும் வரக்கூடியது என்பதால் அவற்றையும் பார்த்துவிட்டோம். சரியாக இருக்கின்றன.

பிறகுதான் ஸ்டீராய்டு தொடங்கினார்கள். மூன்றாவது வாரம் அம்மா கண்ணாடி முன் நின்று இரண்டு கண்ணுக்கும் மை இட்டுக்கொண்டார். உங்கள் படம் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. ரொம்ப நன்றி டாக்டர்.