பூப்பக்கத்தையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமராவதி ஆற்றில் கிடைத்த ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றிப் படத்துடன் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் படத்தில் இருந்த எட்டுக் காசிலும் மன்னர் தலைதான். நான் போயிருந்த ஓர் அருங்காட்சியகத்திலும் காசுகளை அட்டையில் ஒட்டித் தலையை மட்டுமே காட்டியிருந்தார்கள்.

நாம் ‘பூவா தலையா’ போடுகிறோம். ரோமானியச் சிறுவர்கள் ‘தலையா கப்பலா’ என்று சுண்டினார்கள். அவர்களுடைய பழைய வெண்கலக் காசில் ஒருபுறம் இரட்டை முகம் கொண்ட ஜானஸ் தெய்வம், மறுபுறம் கப்பலின் முன்பகுதி. பின்னாளில் தலைப்பக்கத்தை மன்னர்கள் பிடித்துக்கொண்டார்கள். தெய்வங்கள் பெரும்பாலும் பூப்பக்கத்துக்குப் போய்விட்டன. அவர்களுடைய சமயத்தைத் தேடுகிறவர் காசைத் திருப்பித்தான் ஆகவேண்டும்.

என் தகப்பனார் கரூரில் பாத்திர வியாபாரி. பழைய செம்போடு எடைக்கு வந்த காசு ஒன்றை உருக்கக் கொடுக்காமல் எடுத்து வைத்திருந்தார். சுண்டுவிரல் நகமளவு, ஒரு கிராம் தேறலாம். தலைப்பக்கம் தேய்ந்து, எந்த மன்னர் என்றே தெரியவில்லை. பூப்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் சிறகுள்ள ஒரு பெண் தெரிகிறாள். தோளில் வெற்றிச் சின்னம். மறுகையால் ஒரு கைதியை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். அவள்தான் விக்டோரியா, ரோமானியரின் வெற்றித் தெய்வம். அவளுக்கு முன்னால் கடுகளவில் ஒரு குறி: கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பின்னியது.

கிறித்தவரான ரோமானியப் பேரரசர் தியோடோசியஸ் ஆட்சியில், கி.பி. 388 வாக்கில் அடிக்கத் தொடங்கிய வகை இது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 382-இல், ரோம் செனட் மண்டபத்தில் இருந்த இவளுடைய பலிபீடத்தை மன்னர் கிரேஷியன் அகற்றிவிட்டார். 391-இல் தியோடோசியஸ் பலியிடுவதற்கே தடை போட்டார். அப்படியும் காசில் அவள் நடந்துகொண்டேதான் இருந்தாள், கிறிஸ்துவின் குறியோடு. இவர்களுக்கு முந்தைய பேரரசர் கான்ஸ்டன்டைனும் 313-இல் கிறித்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த பிறகு சில ஆண்டுகள் சூரிய தேவனைக் காசில் விட்டுவைத்தவர்தான். ஒரு பேரரசு சாமி மாறிய விதத்தை இவ்வளவு நெருக்கத்தில் வேறெங்கே பார்க்க முடியும்?

இனிமேல் காசின் படம் போடும்போது இரண்டு பக்கத்தையும் போடுங்கள். அருங்காட்சியகத்தார் காசுக்கு அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சிறிதாக வைத்தாலே போதும். ஆற்றில் காசு எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள். என் தகப்பனார் துலக்காமல் வைத்ததால்தான் அந்தக் கடுகளவு குறி இன்றும் என் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கரூர்.