என்னைப் பற்றிய கேள்வியை என்னிடம் கேளுங்கள்: வளவு வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும்,

வணக்கம். முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்புக்கு மறுநாள், பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான நம் வளவு வீட்டில் நடந்த பங்காளிகள் கூட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். வீட்டின் முன்பகுதியான முகப்பையும் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள வளவையும் விடுதி நடத்துகிறவருக்குக் குத்தகைக்கு விடுவது பற்றி என்ன பேச்சு நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகிறது, வெளியூரிலும் மலேசியாவிலும் இருக்கிறவர்களால் அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ள முடியாது என்பதெல்லாம் எனக்கும் புரிகிறது. குத்தகையே கூடாது என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் கூட்ட நோட்டில் என் பெயருக்கு நேரே "ஆட்சேபனை இல்லை" என்று எழுதியிருக்கிறது. அப்படி நான் சொல்லவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, நான் எழுதிக் கொடுத்ததைச் சேர்க்க வேண்டும். எனக்கு ஆட்டிசம், அதாவது மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே உள்ள ஒரு வேறுபாடு, இருக்கிறது. இனி என்னைப் பற்றிய கேள்வியை என்னிடம், எழுத்தில் கேட்க வேண்டும்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அன்றைக்கு எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். முகப்பு நிறைய ஆட்கள். பளபளவென்று சாந்து பூசிய சுவர், மேலே தேக்கு, கீழே கல். குரல் எங்கேயும் அடங்காமல் திரும்பித் திரும்பி வருகிறது. தட்டு வைக்கிற சத்தம், ஃபேன் சத்தம், பின்கட்டில் குக்கர் விசில், மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவது எல்லாமே எனக்கு ஒரே அளவில் கேட்கும். எதைத் தள்ளிவிட்டு எதைக் கேட்பது என்று மூளை தானாகப் பிரித்துத் தருவதில்லை. "தம்பி, நீ என்ன சொல்றே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி விளங்கி, பதில் உருவாகி, வாய்க்கு வருவதற்குள் பேச்சு வேறொருவரிடம் போய்விட்டது.

இப்படி ஆகும் என்று தெரிந்துதான் முன்கூட்டியே இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் ஆத்தாவும் நானும் குடியிருக்கிறோம். விருந்தினர்கள் எந்த வழியாக வருவார்கள்? கிணற்றடி யாருக்கு? ராத்திரி எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்துவார்கள்? தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து வேறு எதையும் போட மாட்டேன் என்று குத்தகைதாரர் எழுதித் தருவாரா? வீட்டில் குடியிருக்கிற யாரும் கேட்கக்கூடிய கேள்விகள்தான். பெரியவர் ஒருவர் அதை வாங்கி, பிரிக்காமலே வெற்றிலைத் தட்டுக்கு அடியில் வைத்தார். "எழுதிக் குடுக்கிறதெல்லாம் எதுக்கு, வாயத் தெறந்து சொல்லப்பா" என்றார். அப்புறம், நான் பக்கத்திலேயே இருக்க, ஆத்தாவைப் பார்த்து, "ஆச்சி, உங்க மகன் என்ன சொல்றான்?" என்று கேட்டார். "அவன்தான் எழுதியிருக்கானே" என்றார்கள் ஆத்தா. யாரோ சிரித்தார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்.

பெரியவர்கள் பேசும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது மரியாதைக் குறைவு என்றும் பிறகு காதில் விழுந்தது. கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு பிடிபடாது. தரையைப் பார்க்கும்போதுதான் பாதியாவது விளங்கும். அது உங்களைக் கவனிப்பதற்கு நான் எடுக்கிற முயற்சி.

எழுத்து செல்லாது என்று நம் வீட்டில் ஒருவர் சொல்லிக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நம் முன்னோர்கள் கடை வைத்திருந்தபோது ஊரோடு எப்படிப் பேசினார்கள்? கடுதாசியில்தானே. பேரேடு, ஐந்தொகை என்று கணக்கெல்லாம் எழுதித்தானே தொழில் நடந்தது. இன்றைக்கும் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதாமல் நம்மில் ஒரு கல்யாணம் நடக்கிறதா? அப்படிப்பட்ட குடும்பத்தில் என் இரண்டு பக்கத்துக்கு மட்டும் ஏன் மதிப்பில்லை?

"அவனுக்குக் கூட்டாளியே கிடையாது, யாரோடும் ஒட்ட மாட்டான்" என்றும் ஒரு அண்ணன் சொன்னார். தேவகோட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். தினமும் வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்கிறோம். சில சமயம் தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷனில் உட்கார்ந்து ராமேஸ்வரம் ரயில் போவதைப் பார்ப்போம். அதிகம் பேச மாட்டோம். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி முழுக்க எழுதிக்கொண்டிருந்தது நான்தான். இது நட்பில்லை என்றால் வேறென்ன? டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் ஒரு கருத்தை எழுதினார். புரியாமல் போவது இரண்டு பக்கமும்தான். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியாதது போலவே மற்றவருக்கும் இவரைப் புரிவதில்லை என்றார். நான் உங்களைப் புரிந்துகொள்ள சின்ன வயதிலிருந்து பாடுபடுகிறேன். நீங்கள் ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்தால் போதும்.

என் பங்கைப் பற்றி எனக்குப் பதிலாக முடிவு செய்ய ஒரு காப்பாளரைப் போட்டுவிடலாம் என்ற யோசனையும் வந்ததாம். தயவுசெய்து அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். அது பங்காளிகள் கூடி முடிவு செய்கிற காரியம் இல்லை. 1995-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பண விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளவும் மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்று அதன் 13-ஆவது பிரிவு சொல்கிறது. தகவல் தொடர்பு என்றால் எழுத்தும் சேர்ந்ததுதான் என்று அதே சட்டம் சொல்கிறது. சொந்தத்துக்குள் சட்டம் பேச எனக்குப் பிடிக்கவில்லை. பேச வைத்துவிட்டீர்கள்.

நம் வீட்டில் மட்டும் இல்லை, எங்கேயும் இதுதான் நடக்கிறது. ஏப்ரல் 2 வந்தால் குழந்தைகள் படம் போட்டு ஆட்டிச விழிப்புணர்வு நாள் கொண்டாடுகிறார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்தால் என்ன ஆவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வளர்ந்தவன் கொஞ்சம் பேசினால் "நல்லாத்தானே பேசுறான், இவனுக்கு என்ன ஆட்டிசம்?" பேசாவிட்டால் "இவனுக்கு ஒன்றும் தெரியாது." ஆபீஸில், கல்யாண வீட்டில், டாக்டரிடம், எங்கே போனாலும் கேள்வி பக்கத்தில் நிற்கிறவரிடம்தான் போகிறது. ஆத்தாவுக்கும் வயதாகிறது. எனக்காக எத்தனை நாள் அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தையில் குத்தகைப் பத்திரம் எழுதுவதற்கு முன் மறுபடி கூடுவதாகச் சொன்னீர்கள். என்ன பேசப் போகிறீர்கள் என்பதை ஒரு வாரம் முன்னதாக எனக்கு எழுதி அனுப்புங்கள். நான் எழுதித் தருவதைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சத்தமாகப் படித்து, நோட்டிலும் ஒட்டுங்கள். "ஆட்சேபனை இல்லை" என்ற வரியை அதற்கு முன்பே அடித்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என் பங்குக்கான பதிலை என்னிடமே, எழுத்தில் கேளுங்கள்.

அன்றைக்குக் கூட்டத்தில் கொடுத்த இரண்டு பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பதிலை வாட்ஸ்அப்பிலோ தபாலிலோ அனுப்பினால் போதும். தயவுசெய்து போனில் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
இரண்டாங்கட்டில் குடியிருக்கும் உங்கள் பங்காளி