குதிரையேற்ற சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வேலியோரம் நிற்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் மனப்பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வந்தபோது, "கொள்ளு விக்கிற விலையில மனசுக்கு வேற செலவா?" என்று எழுந்து கேட்டவன் நான்தான். கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை.

மாதம் ஒரு ஞாயிறு விளையாட்டு உளவியலாளர் வந்தார். முதல் வகுப்பில், 2009-இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றைச் சொன்னார். ஒரே பாதையில் நான்கு முறை குதிரையில் போகவேண்டும். நான்காவது முறை கடக்கும்போது குடையை விரிப்போம் என்று ஏறியவரிடம் சொல்லிவைத்தார்கள். யாரும் விரிக்கவில்லை. ஆனாலும் ஏறியவருக்கு இதயத்துடிப்பு கூடியது, குதிரைக்கும் கூடியது. நம் லாயக்காரர் கேட்டுவிட்டு, "இதுக்கு சுவீடன் வரைக்குமா போகணும் சார்?" என்றார்.

ஆடிக் காற்றில் மைதான மூலையிலுள்ள ஃபிளெக்ஸ் படபடக்கும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் குதிரை அங்கே தினமும் மிரண்டு ஒதுங்கியது. ஃபிளெக்ஸைக் கழற்றிவிடலாம் என்றேன். உளவியலாளர் வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பெண்ணின் கையைப் பார்க்கச் சொன்னார். மூலைக்கு நாலைந்து தப்படி முன்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு கடிவாள வாரை இறுக்குகிறார், முழங்கால் சேணத்தைக் கவ்வுகிறது, பார்வை ஃபிளெக்ஸிலேயே. குதிரைக்கு வேறு என்ன சேதி வேண்டும்? அதே இடத்தில் மூச்சை நீளமாக விடவும், கண்ணை அடுத்துத் தாண்டவேண்டிய தடையில் வைக்கவும், வாய்க்குள் 'போலாம்' என்று சொல்லவும் பழகினார். மூன்று வாரம் கழித்து ஒரு காலை, குதிரை ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு நேரே போனது. மறுநாள் பாலிதீன் பைக்கு மிரண்டது, அது வேறு கதை.

டோக்கியோ ஒலிம்பிக் நவீன ஐந்திறப் போட்டியின் காணொளியையும் பார்த்தோம்; அந்த ஐந்தில் குதிரையேற்றமும் ஒன்று. முன்னிலையில் இருந்த ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய், முன்பின் பழகாத குதிரையில் 20 நிமிடத் தயாரிப்போடு களமிறங்கவேண்டியிருந்தது. குதிரை மறுத்தது, அவர் அழுதார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே குதிரை அதற்கு முன்பே வேறொருவரிடமும் முரண்டுபிடித்திருந்தது. மூச்சுப் பயிற்சியால் தீராததும் உண்டு. கீழே விழுந்தவரை முதலில் மருத்துவரிடம்தான் அனுப்பவேண்டும், அப்புறம்தான் மனப்பயிற்சி.

இப்போது பிள்ளைகள் தடைகளை நடந்து பார்த்தபின், கண்ணை மூடிக்கொண்டு முழுச் சுற்றையும் மனத்துக்குள் ஓட்டுகிறார்கள். நானும் முயன்றேன். ஐந்தாவது தடைக்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்பதே மறந்துபோனது. மைதானத்தில் நான் தடுமாறுகிற இடமும் அதுதான்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்: பிள்ளை தடையை நெருங்கும்போது "காலை அழுத்து" என்று கத்தவேண்டாம். இனி நிற்கும் இடம் புளியமரத்தடி.

லாயக் கூரை மாற்றியாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். உளவியலாளரை இன்னும் ஓராண்டு வரவழைக்கும் தீர்மானத்தை இம்முறை நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

செயலாளர்