மேஜரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளநிலைப் படிப்புக்காகப் பிள்ளைகளை அமெரிக்கா அனுப்பும் வீடுகளில் மேஜர், அதாவது பட்டத்துக்கான முதன்மைப் பாடம், பற்றி அடிக்கடி காதில் விழும் யோசனை இது: "முதல்ல ஏதாவது ஒரு மேஜர்ல இடத்தைப் பிடி, அங்கே போய் மாத்திக்கலாம்." இது பாதி உண்மைதான். எதிலிருந்து எதற்கு மாறுகிறோம், எப்போது மாறுகிறோம், அதற்குள் எதைப் படித்து முடித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே மாற்றம் கைகூடும். முதல் செமஸ்டருக்குப் பாடம் பதிவு செய்யப்போகும் மாணவர்களும் பெற்றோரும் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முடிவெடுக்காமல் போவதில் தவறேதும் இல்லை. அமெரிக்கக் கல்வித் துறையின் புள்ளிவிவர மையம், 2011-12இல் கல்லூரியில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மேஜரை அறிவித்திருந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு முறையாவது அதை மாற்றியிருந்தார்கள். பல கல்லூரிகள் இரண்டாம் ஆண்டு முடியும் வரை, அதாவது பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டில் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) ஏறக்குறைய 60 முடியும் வரை, 'அன்டிசைடட்' (மேஜரை முடிவு செய்யாதவர்) ஆகவே இருக்க அனுமதிக்கின்றன. ஆனால் அந்த அவகாசம் வரலாறு, உளவியல், பொருளியல் போன்றவற்றுக்குத்தான் உண்மையில் பொருந்தும்.

பொறியியலில் பாடங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. கால்குலஸ் (நுண்கணிதம்) 1 முடித்தால்தான் கால்குலஸ் 2. அதற்கு மேல் பன்மாறி கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடுகள். கால்குலஸ் கூடவே வந்தால்தான் பொறியியல் மாணவர்களுக்கான இயற்பியலில் உட்கார முடியும். அந்த இயற்பியல் முடிந்தால்தான் ஸ்டாட்டிக்ஸ் (நிலையியல்), மின்சுற்று. மருத்துவம் நோக்கிப் போகிறவர்களுக்குப் பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், கரிம வேதியியல் இரண்டு செமஸ்டர், அதன்பின் உயிர்வேதியியல். கரிம வேதியியலின் முதல் பாகத்தை இலையுதிர் செமஸ்டரில் மட்டும் நடத்தும் கல்லூரிகள் உண்டு. அங்கே ஒரு செமஸ்டர் பிந்தினால் ஓராண்டே போய்விடும். பொறியியலில் ஓராண்டு படித்தவர் பொருளியலுக்கு மாறினால், படித்ததில் பெரும்பகுதி எங்காவது கணக்கில் சேரும். பொருளியலிலிருந்து பொறியியலுக்கு வருகிறவர் முதல் படியிலிருந்து ஏற வேண்டியிருக்கும். ஆகவே மனதில் இருக்கும் மேஜர்களில் எதன் சங்கிலி நீளமோ, அதை வைத்து முதல் செமஸ்டரை அமையுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது கணக்குப் பாடத்தில். கால்குலஸ் என்ற பெயரில் ஒரே கல்லூரியில் இரண்டு, மூன்று பாடங்கள் இருக்கும். வணிகவியல் மாணவர்களுக்கான கால்குலஸ் மூன்று கிரெடிட், சுமை குறைவு, மதிப்பெண்ணும் எளிதில் வரும். ஆனால் பொறியியல், இயற்பியல், பெரும்பாலான கணினியியல் துறைகள் அதை ஏற்பதில்லை. பிறகு அவற்றுக்கு மாற நினைப்பவர் கால்குலஸ் 1லிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். எதிர்த்திசையில் சிக்கல் இல்லை, பொறியியல் கால்குலஸை வணிகத் துறைகள் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். இயற்பியலிலும் இதே கதைதான்: கால்குலஸ் இல்லாத இயற்பியல், கால்குலஸோடு இயற்பியல் என்று இரண்டு வரிசைகள் உண்டு. பாடத்தின் பெயரைப் பார்த்துப் பதியாதீர்கள், பாட எண்ணைப் பாருங்கள். அந்த எண் நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு மேஜரின் தேவைப் பட்டியலிலும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னும் முடிவுக்கு வராத ஒருவருக்கு முதல் செமஸ்டர் இப்படி அமையலாம்: பொறியியல் வரிசைக் கால்குலஸ் 4 கிரெடிட், ஆய்வகத்தோடு வேதியியல் அல்லது தொடக்க நிரலாக்கம் 4, ஆங்கில எழுத்துப் பயிற்சி 3, பொருளியல் அல்லது உளவியல் அறிமுகம் 3, முதலாண்டுக் கருத்தரங்கு 1. மொத்தம் 15. ஒவ்வொரு பாடமும் குறைந்தது இரண்டு மேஜர்களுக்காவது பயன்பட வேண்டும் என்பதே இதன் கணக்கு.

அடுத்தது வாசல் பிரச்சினை. பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டதால் எல்லாத் துறைகளுக்குள்ளும் நுழையலாம் என்று ஆகாது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினியியலுக்கு நேரடியாகத் தேர்வாகாமல் வேறு மேஜரில் சேர்ந்துவிட்டுப் பிறகு அதற்கு மாறுவது மிக மிக அரிது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலும் 2023 முதல் கணினியியல் வேண்டும் என்பவர் விண்ணப்பத்திலேயே அதைக் கேட்டாக வேண்டும். பிறகு மாற நினைத்தால் போட்டித் தேர்வுதான். பர்டூ பல்கலைக்கழகத்தில் பொறியியலில் சேரும் எல்லாரும் முதலாண்டைப் பொதுவாகப் படித்துவிட்டுக் கிளை பிரிகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே கணினியியல் என்பது அறிவியல் கல்லூரியைச் சேர்ந்தது, கணினிப் பொறியியல்தான் பொறியியலில் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் சேர்ந்தால் கிளையை மட்டுமல்ல, கல்லூரியையே மாற்ற வேண்டி வரும். போட்டி உள்ள துறைகள் குறிப்பிட்ட நான்கைந்து அடிப்படைப் பாடங்களின் சராசரியைத் தனியாக எடுத்துப் பார்க்கும். தோற்ற பாடத்தைத் திரும்ப எழுதினாலும் இரண்டு முயற்சிகளையும் சேர்த்தே கணக்கிடும் துறைகளும் இருக்கின்றன.

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. முழுநேர மாணவர் என்ற தகுதிக்கு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும். ஆனால் எட்டு செமஸ்டரும் 12 வீதம் படித்தால் 96தான் வரும்; பட்டம் கேட்பது 120. கஷ்டமான பாடத்தை நடுவில் கைவிட்டு 12க்குக் கீழே இறங்குவதானால், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி கட்டாயம். அனுமதி பெறாமல் கைவிட்டால் விசா நிலையே போய்விடும். மேஜர் மாறினால், மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தையும் புதுப்பிக்க வேண்டும். படிப்பு நீண்டால், அதில் உள்ள முடிவுத் தேதிக்கு முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். மேஜர் மாற்றத்தை அதற்குரிய காரணமாக நடைமுறையில் இருந்துவரும் விதி ஏற்கிறது. மதிப்பெண் குறைந்து கண்காணிப்பில் வைக்கப்பட்டதால் ஏற்பட்ட தாமதத்தை ஏற்பதில்லை. கூடுதல் செமஸ்டர்களுக்கான பணம் இருப்பதற்குச் சான்றும் கேட்பார்கள். 2025 ஆகஸ்டில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை முன்வைத்த வரைவு விதியில், முதலாண்டில் படிப்பை மாற்றுவதற்கே கட்டுப்பாடு விதிக்கும் பிரிவு இருந்தது. அதனால் மாற்றப் படிவத்தில் கையெழுத்திடும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

மாற்ற முடிவு செய்தவர்கள், கல்லூரி இணையதளத்தில் உள்ள டிகிரி ஆடிட்டில் (பட்டத்துக்கு முடித்ததையும் மீதியையும் காட்டும் பட்டியல்) 'வாட்-இஃப்' என்ற வசதியைத் திறந்து புதிய மேஜரை இட்டுப் பார்க்கலாம். முடித்த பாடங்களில் எவை அங்கே பொருந்தும், எவை வெறும் விருப்பப் பாடமாக ஒதுங்கும் என்று அது காட்டிவிடும். அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு, மாறப்போகும் துறையின் அட்வைசரை (படிப்பு ஆலோசகரை) பாருங்கள். இப்போதிருக்கும் துறையின் அட்வைசருக்குப் புதிய துறையின் உள்விதிகள் எல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விண்ணப்பத் தேதி ஆண்டுக்கு ஒரு முறையா, இரு முறையா, எத்தனை முறை முயலலாம், எத்தனை கிரெடிட்டுக்கு மேல் ஏற்க மாட்டார்கள் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேஜரின் பெயரோடு அதன் சிஐபி எண்ணையும் (படிப்புகளை வகைப்படுத்தும் அரசுக் குறியீடு) கேளுங்கள். பட்டம் பெற்றபின் ஓபிடியில், அதாவது படித்த துறையில் வேலை செய்யும் அனுமதியில், 12 மாதம் கிடைக்கும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்புக்கு மேலும் 24 மாத நீட்டிப்புக்கு வழி உண்டு. 45.0601 என்ற எண்ணில் உள்ள பொதுப் பொருளியல் அந்தப் பட்டியலில் இல்லை, 45.0603 என்ற அளவுசார் பொருளியல் இருக்கிறது. இரண்டுக்கும் வேண்டிய பாடங்களில் வேறுபாடு பெரும்பாலும் கணக்கிலும் புள்ளியியலிலும்தான்.

இப்படிக்கு,
இளநிலை மாணவர் ஆலோசனைப் பணியில் இருப்பவர்கள்